மைனர் கணக்கு

சேலையூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. ஏழெட்டுப் பேர் இருந்தோம். பேச்சு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' பக்கம் திரும்பியதும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1966ல் நாவல் வந்ததிலிருந்து நடந்துகொண்டிருக்கும் அதே பட்டிமன்றம். அலங்காரம் செய்தது சரியா, தப்பா? ஒரு கட்சி அவளைக் கூண்டில் ஏற்றியது. இன்னொரு கட்சி மாலை போட்டது. இரண்டுக்கும் பொதுவான ஒருவர், ஜானகிராமனின் காவிரியைப் பற்றிச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கடைசி ரயில் போயிருக்கும் என்பது ஒரு காரணம். கோபத்தில் எனக்குச் சரியாகப் பேச வராது என்பது இன்னொன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கட்சிக்காரர்களும் அந்த நாவலில் படித்தது ஒரு படுக்கையறையை மட்டுமே. நாவலோ காவிரிக் கரையில், வேத பாடசாலையில், படிப்பை முடித்துவிட்டுப் பட்டணத்துக்குக் கிளம்ப நிற்கும் ஒரு வாலிபனிடம் ஆரம்பிக்கிறது. அது அப்புவின் கதை. அவன் வயதுக்கு வந்த கதை என்று சொல்லலாம் என்றால் மொழி இடம் தர மறுக்கிறது. தமிழில் வயதுக்கு வருவது பெண் மட்டும்தான். ஆண் பிள்ளை பாஸ் பண்ணுவான், வேலைக்குப் போவான், கல்யாணம் செய்துகொள்வான், அப்பா ஆவான். வயதுக்கு மட்டும் வரமாட்டான். இந்த வகை நாவல் நம்மிடம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் மைனர் கணக்கு என்று ஒன்று உண்டு. பிள்ளை பெயரில் கணக்கு, கையெழுத்து கார்டியனுடையது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் அந்தக் கையெழுத்து செல்லாது. பையன் நேரில் வந்து புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் இந்தக் காட்சியை நான் தினம் பார்க்கிறேன். பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி, எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தகப்பனார் பாரத்தை வாங்கித் தாமே பூர்த்தி செய்கிறார். பையன் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், "என்னை மாதிரியே போடுடா, அப்பத்தான் மாறாது" என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனை நம்பித்தான் சார் எல்லாம்" என்கிறார். கல்விக் கடன் பாரத்தில் தகப்பனாரும் கூட்டுக் கடன்காரர். சட்டம் அந்தக் கடனைத்தான் எழுதிக்கொள்கிறது. இன்னொரு கடன் எந்தப் பாரத்திலும் வராது.

'அம்மா வந்தாள்' அந்த இரண்டாவது கடனைப் பற்றிய நாவல். அலங்காரம் தன் பிள்ளைகளில் ஒருவனைப் பொறுக்கி எடுத்துப் பால்யத்திலேயே வேதம் படிக்க அனுப்பிவிடுகிறாள். எதற்காக? சிவசுவோடு தனக்குள்ள உறவின் பாவம், ரிஷியைப் போல் வந்து நிற்கப்போகும் அந்தப் பிள்ளையின் முன்னால் எரிந்து போகும் என்பதற்காக. அவன் கேட்டு அனுப்பவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவன் பால்யம் முழுவதையும் அவள் தன் பெயரில் டெபாசிட் செய்துவிட்டாள். முதிர்வுத் தேதியன்று வட்டியோடு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவளுக்கு மாலை போடும் நண்பர்கள் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. கட்டுப்பாட்டை மீறியவள், உடம்பின் உண்மைக்கு விசுவாசமானவள் என்கிறார்கள். அப்படியா? மீறினவள் விலையைத் தானே அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அலங்காரம் ஊர் வைத்த விலைப் பட்டியலில் ஒரு காசு பேரம் பேசவில்லை. பாவம் பாவம்தான், வேதம் அதைக் கழுவும், கழுவ ஒரு புத்திரன் வேண்டும் என்று அத்தனையையும் அப்படியே ஒப்புக்கொள்கிறாள். சனாதனத்துக்கு அவளைவிட விசுவாசமான பெண் அந்த நாவலில் கிடையாது. இதற்காக அவளைத் தூற்றவும் நான் தயாரில்லை. அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தன் பேரில் இருந்தது என்ன? நிலம் இல்லை, சம்பாத்தியம் இல்லை, தனியாக ஒரு தெய்வம்கூட இல்லை. பிள்ளை ஒருவன்தான் இருந்தான். இருந்த ஒரே இடத்தில் போட்டாள். ஆனால் போடப்பட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

கூண்டில் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கதாபாத்திரத்தின் நடத்தைச் சான்றிதழைத் தேடுகிறவர்கள் அவர்கள்.

தண்டபாணிக்கு வருகிறேன். அலங்காரத்தின் புருஷன். ஜோசியம் தெரிந்தவர், சாஸ்திரம் தெரிந்தவர், வீட்டில் நடப்பதும் தெரிந்தவர். அவரைப் பெருந்தன்மையின் உருவமாகப் பார்ப்பது நம் விமர்சகர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. நான் அவரைக் கார்டியனாகப் பார்க்கிறேன். அந்த வீட்டில் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: யாரும் எதையும் சொல்லக்கூடாது. அதில் முதல் கையெழுத்து அவருடையது. அப்பு பட்டணத்து வீட்டுக்கு வந்து தங்கும் பகுதியைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். ஒருவரும் குரல் உயர்த்துவதில்லை. சிவசு வருகிறார், போகிறார். எல்லோரும் அவரவர் காரியத்தைப் பார்க்கிறார்கள். அம்மாவைப் பற்றி இந்து ஆத்திரத்தில் வீசிய சொல் அப்புவின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. இப்போது அந்தச் சொல்லுக்கு முகம் முகமாக ஆதாரம் கிடைக்கிறது. ஒரு வாலிபன் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியைப் போல் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிறான். தமிழ் நாவலில் குடும்பம் என்கிற ஸ்தாபனத்தின் மௌனத்தை இவ்வளவு நெருக்கத்தில் வைத்துப் பார்த்த பக்கங்கள் எத்தனை இருக்கின்றன? இதை விட்டுவிட்டு அலங்காரத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆங்கில இலக்கியம் படித்த நண்பர் ஒருவர் (நானும் அதைத்தான் பி.ஏ. படித்தேன், அதனால் இந்த வியாதி எனக்குப் பரிச்சயம்) அப்புவை ஜாய்ஸின் ஸ்டீபனோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கினார். 1916ல் வந்த நாவலில் ஸ்டீபன் அம்மாவின் ஆசைக்காக ஈஸ்டர் சடங்கில் கலந்துகொள்ள முடியாது என்கிறான். அடுத்த நாவலில், அவள் மரணப்படுக்கையில் கேட்டும் மண்டியிட மறுத்தவன் என்று தெரிகிறது. அப்பு எங்கே மறுத்தான்? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினானா? இது நண்பரின் கேள்வி.

பேசவில்லைதான். ஆனால் ஸ்டீபனுக்குப் போக ஒரு பாரிஸ் இருந்தது. அப்பு கிளம்பிப் போகிற இடம், அவனைக் கொண்டுபோய்ப் போட்ட அதே காவிரிக் கரை. அங்கே இளம் விதவையான இந்து இருக்கிறாள். அவளோடு இருந்துவிடுகிறான். அம்மா எந்தக் காரியத்துக்காக அவனைத் தயார் செய்தாளோ, அந்தக் காரியத்துக்கு உதவாதவனாக, அந்தப் பாடசாலையிலேயே இருந்துகொண்டு, ஆகிவிடுகிறான். ஓடிப்போன மகனை ஓர் அம்மா சபிக்கலாம், காத்திருக்கலாம். இவனை என்ன செய்வது? அலங்காரம் வந்து பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது, இவனும் தன் பிள்ளைதான் என்று. தலைப்பில் இருக்கும் வருகை இதுதான். எடுக்க வந்தாள், கணக்கில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் அவள் காசிக்குப் போகிறாள். பிள்ளை பேரில் எழுதி வைத்திருந்ததைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு போகிறாள் என்பது என் வாசிப்பு. நாவலில் அலங்காரம் முதல் தடவையாகத் தன் கையெழுத்தைத் தானே போடும் இடம் அது. அவளைப் புரட்சிக்காரி என்பவர்கள் அந்தப் பட்டத்தைச் சிவசு வந்து போகும் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். காசி ரயிலில் வைத்திருக்கலாம்.

ஜானகிராமனோடு எனக்குச் சண்டை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்துவை அவர் வஞ்சித்திருக்கிறார். அப்புவுக்கு வேதம் இருக்கிறது, குழப்பம் இருக்கிறது, ஒரு பட்டணமும் அதில் ஒரு கலங்கின வீடும் இருக்கின்றன. இந்துவுக்கு அப்பு மட்டும்தான். காத்திருப்பதைத் தவிர அவளுக்கு நாவலில் வேறு வயது இல்லை. மகனைக் கொண்டு தன் காரியத்தை முடித்துக்கொள்ள நினைத்த தாயின் கதையை எழுதியவர், மகனின் சிக்கலை அவிழ்க்க ஒரு பெண்ணை உபயோகித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிரவாகமான நடையில் நாமும் அடித்துக்கொண்டு போகிறோம். கவனிக்க நேரமில்லை. அசோகமித்திரன் '18வது அட்சக்கோ'ட்டின் முடிவில் சந்திரசேகரனை ஒரு பெண்ணின் முன்னால் கூசிக் குறுகி ஓட வைக்கிறாரே, அந்த வறட்சி இங்கே கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். நான் வங்கிப் பரீட்சை பாஸானதும் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் அம்மாவுடையது, தலை என்னுடையது. கேட்டால் நானும்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்லியிருப்பேன். அப்பு போன மாதிரி திரும்பிப் போய் உட்கார எனக்குக் காவிரிக் கரை இல்லை. காலை எட்டரை மணி ரயிலைப் பிடித்தால் போதும். இப்போது என் பெண்ணுக்கு எட்டு வயது. அவள் பேரில் எங்கள் கிளையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கார்டியன் நான். மாதா மாதம் அதில் நான் என்ன போடுகிறேன் என்று பாஸ்புத்தகம் ஒரு தொகையைச் சொல்கிறது.

அடுத்த கூட்டம் அதே மாடியில்தான் என்று கேள்விப்பட்டேன். நண்பர்கள் சம்மதித்தால் அன்று அலங்காரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். தண்டபாணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். எனக்குத் தெரிந்து அந்த மாடியில் வருகிறவர்களில் ஐந்து பேர் தகப்பனார்கள்.