ஒரு ஸ்பூன் சாம்பல்

பார்ப்பதற்கு பேப்பர்வெயிட் போலத்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி உருண்டை. உள்ளே நீலமோ பச்சையோ சுழித்துக்கொண்டு ஓடும். அந்தச் சுழிப்பின் நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். தெரியாதவர்களுக்கு அது ஓர் அலங்காரப் பொருள். தெரிந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் அப்பா. அல்லது மனைவி. அல்லது வீட்டில் பதினான்கு வருடம் வளர்ந்த நாய்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இறந்தவர்களின் அஸ்தியைக் கண்ணாடியில் பதித்துத் தரும் பட்டறைகள் இன்று சகஜமாகிவிட்டன. உருண்டை, இதய வடிவம், கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் பதக்கம் என்று விதவிதமாகக் கிடைக்கின்றன. சில நூறு டாலர் செலவாகும். வசதியுள்ளவர்களுக்கு வைரமே இருக்கிறது. அஸ்தியிலிருந்தும் முடியிலிருந்தும் கரிமத்தைப் பிரித்தெடுத்துச் செயற்கை வைரம் செய்து தரும் வியாபாரம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஆரம்பமாகிவிட்டது. அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். கண்ணாடி, நடுத்தர வர்க்கத்தின் வைரம்.

தயாரிப்பில் மர்மம் எதுவும் இல்லை. சாம்பல் என்று சொல்கிறோமே தவிர, நவீன எரியூட்டு நிலையங்கள் குடும்பத்திடம் தருவது அரைத்த எலும்புதான். 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் சதையும் முடியும் காற்றோடு போய்விடும். மிஞ்சும் எலும்புத் துண்டுகளை இயந்திரத்தில் பொடியாக்குவார்கள். பெரியவர் ஒருவர் என்றால் இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை தேறும். அதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். பட்டறைக்குத் தேவைப்படுவது இதில் ஒரு தேக்கரண்டி.

உலையில் 1,100 டிகிரிக்கு மேல் தேன்போல் குழைந்து கிடக்கும் கண்ணாடியைக் கம்பியின் நுனியில் சுற்றி எடுக்கிறார் கைவினைஞர். இரும்பு மேஜையில் தூவி வைத்த பொடியின் மேல் அதை உருட்டுகிறார். மேலே வண்ணம். அதற்கும் மேலே மறுபடி ஒரு சுற்றுத் தெளிந்த கண்ணாடி. எலும்புப் பொடி இந்தச் சூட்டில் உருகாது. அதனால்தான் புள்ளிகள் வெள்ளையாகவே நின்றுவிடுகின்றன. சிக்கிக்கொண்ட காற்று சிறுசிறு குமிழிகளாக உறைகிறது. பிறகு உருண்டையை 500 டிகிரி அளவில் உள்ள இன்னொரு உலையில் வைத்து மணிக்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும்.

எலும்பும் சூளையும் பழைய கூட்டாளிகள்தான். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் முடிவில் உருவான ‘போன் சைனா’ பீங்கானில் கிட்டத்தட்டப் பாதி, மாட்டெலும்புச் சாம்பல். அதில் தேநீர் அருந்தாத கனவான் கிடையாது. மனிதனையே கண்ணாடியாக்கலாம் என்ற எண்ணமும் புதிதல்ல. ஜெர்மானிய ரசவாதி யோஹான் பெக்கர் 1669இல் வெளியிட்ட நூலிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பியேர் ஜிரோ 1801இல் இதற்கென ஒரு முழுத் திட்டமே தீட்டினார். எலும்பைக் கண்ணாடியாக்கி, அந்தக் கண்ணாடியில் இறந்தவரின் உருவப் பதக்கம் வார்த்துக் குடும்பத்திடம் கொடுப்பது. பாரீஸ் அப்போது அதை ஏற்கவில்லை. இன்றைய பட்டறைகள் ஜிரோவின் பெயரைக்கூட அறியாமல் அவர் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இதற்குச் சந்தை வந்ததற்குக் காரணம் எளிது. எரிப்பது மேலை நாடுகளுக்குப் புது வழக்கம். நவீன பிரிட்டனின் முதல் அதிகாரபூர்வ எரியூட்டல் வோக்கிங் நகரில் 1885இல் நடந்தது. அமெரிக்காவில் எரிக்கப்படுபவர்கள் பாதியைத் தாண்டியது 2016 வாக்கில்தான். இன்று பத்தில் ஆறு பேர். உடலை எரிக்கக் கற்றுக்கொண்டவர்களிடம் அதன்பின் சாம்பலை என்ன செய்வது என்பதற்குச் சடங்கு இல்லை. கல்லறை இருந்தால் பூ வைக்கப் போகலாம். ஜாடி இருந்தால் அலமாரியில் வைக்கலாம், அல்லது வைத்துவிட்டு மறக்கலாம். சடங்கு விட்ட இடத்தைக் கடை பிடித்துக்கொண்டது.

திருச்சபைக்கு இதில் சங்கடம். எரியூட்டலை 1963இல் அனுமதித்த வாடிகன், 2016இல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. அஸ்தியைத் தூவக் கூடாது, குடும்பத்தார் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது, நகையாகவோ நினைவுப் பொருளாகவோ மாற்றக் கூடாது. 2023இல் பிடி கொஞ்சம் தளர்ந்தது. இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறிய பகுதியை வைத்துக்கொள்ள வழி செய்யலாம் என்றது. ஒரு ஸ்பூன் அளவுக்கு ரோமாபுரியே இறங்கி வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டு இந்தியர்கள் மூக்கில் விரல் வைக்கலாம். சஞ்சயனத்தன்று எலும்பு பொறுக்கிப் பால் தெளித்து, கங்கையிலோ காவேரியிலோ கடலிலோ கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதானே வழக்கம்? இறந்தவரைப் பிடித்து வைக்கக் கூடாது, அனுப்பி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் சரித்திரம் அத்தனை சுத்தமாக இல்லை.

காந்தியின் அஸ்தி 1948இல் பல கலசங்களாகப் பிரிக்கப்பட்டு நாடெங்கும் போனது. கன்னியாகுமரியில் கடலில் கரைக்கும் முன் கலசம் வைக்கப்பட்ட இடத்தில் 1956இல் ஒரு மண்டபமே எழுந்தது. அக்டோபர் 2ஆம் தேதி நண்பகலில் சூரிய ஒளி அந்த இடத்தில் விழும்படி கட்டினார்கள். எல்லாக் கலசங்களும் தண்ணீர் சேரவில்லை. ஒன்று கட்டாக்கில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி நீதிமன்றம் ஏறி அதை மீட்டு, 1997 ஜனவரி 30 அன்று திரிவேணி சங்கமத்தில் கரைத்தார். இன்னொரு கலசம் 2008இல் மும்பைக் கடலில் கரைந்தது. மற்றொன்று 2010இல் டர்பன் அருகே. உடைமை எதையும் சேர்த்து வைக்காதே என்றவரின் அஸ்தியைக் கைவிட மனமில்லாமல் ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஷியாம்ஜி கிருஷ்ணவர்மாவின் கதை வேறு. 1930இல் ஜெனிவாவில் இறந்த இந்தப் புரட்சியாளர், இந்தியா விடுதலை பெற்றபின் தன் அஸ்தி தாயகம் போக வேண்டும் என்று விரும்பினார். அது நிறைவேறியது 2003இல். 73 வருடம் கலசம் காத்திருந்தது. நேருவோ பிடியே கொடுக்கவில்லை. ஒரு கைப்பிடி கங்கைக்கு, மீதியை விவசாயிகள் உழைக்கும் வயல்களின் மேல் விமானத்திலிருந்து தூவுங்கள் என்று உயில் எழுதிவிட்டார். 1964இல் அப்படியே நடந்தது.

பிரபலங்களுக்கு மட்டுமல்ல, சாமானியர்களுக்கும் காத்திருப்பு என்ன என்பதை 2020 காட்டியது. ஊரடங்கில் ரயில் இல்லை, பஸ் இல்லை. வட இந்திய மயானங்களில் அஸ்திக் கலசங்கள் லாக்கர்களை நிரப்பின. ஹரித்வாருக்குக் கொண்டுபோகக் குடும்பங்களுக்கு ராஜஸ்தான் அரசு இலவச பஸ் விட்டது. பின்னர் தபால் துறை, காசி, பிரயாக்ராஜ், ஹரித்வார், கயா ஆகிய தலங்களுக்கு ஸ்பீட் போஸ்டில் அஸ்தி அனுப்ப வசதி செய்தது. கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பொட்டலம் ஒன்றுதான் மிஞ்சியது. அதைக் கரைத்துவிடு என்று சாஸ்திரம் சொல்வது எளிது. கை வர வேண்டுமே.

அந்தத் தயக்கத்தில்தான் கண்ணாடி உருண்டைக்கு நியாயம் இருக்கிறது. மூன்று கிலோவில் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு மீதியை ஆற்றில் விட முடிகிறது. வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாதவர்களுக்கு அது பிடிமானம். தாய்ப்பாலையும் குழந்தையின் முதல் முடியையும் பதித்து நகை செய்யும் கைவினைஞர்கள் இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அஸ்தி அவர்கள் வாசலுக்கு வருவது பெரிய தூரமில்லை. ஆனால் கொடுக்கும் முன் யோசிக்க மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது, நம்பிக்கை. எரியும் சூட்டில் மரபணு பொதுவாக அழிந்துவிடும். கண்ணாடிக்குள் இருப்பது யார் என்று சோதித்துச் சொல்ல வழியில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் எரியூட்டு நிலையம் முந்நூறுக்கும் அதிகமான உடல்களை எரிக்காமலே போட்டு வைத்திருந்தது 2002இல் அம்பலமானது. சில குடும்பங்கள் அதுவரை போற்றி வைத்திருந்தது சிமெண்ட் பொடி.

இரண்டாவது, திரும்பி வர முடியாமை. ஜாடியில் உள்ளதை இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் கரைக்கலாம். கண்ணாடிக்குள் போனது போனதுதான். துக்கத்தின் முதல் வாரத்தில் மகள் விரும்புவதை மகன் விரும்பாமல் இருக்கலாம். இறந்தவரே விரும்பாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, வாரிசு. கண்ணாடி பல நூறு வருடம் தாங்கும். ஞாபகம் தாங்காது. பேத்திக்கு அது தாத்தா. பேத்தியின் பேத்திக்கு அது ஒரு பேப்பர்வெயிட். வீடு மாற்றும்போது பழைய சாமான் கடைக்குப் போகலாம். இந்தச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில், எதையும் மிச்சம் வைக்காத ஆறு எந்தப் பட்டறையையும் விடக் கெட்டிக்காரத்தனமானது.

வைத்துக்கொள்வதும் விடுவதும் துக்கத்தின் இரண்டு கைகள். செய்யப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுச் செய்யலாம். உருண்டைக்கு அடியில் ஒரு பெயரும் வருடமும் பொறித்து வைக்கலாம்.