ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு: மழைநீர் எவ்வளவு உள்ளே இறங்கும்? சூத்திரம் இல்லாத கணக்குக்கு விடை கிடைப்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மண்சரிவில் சிக்கி 7 பேர் உயிரிழந்தனர். சேர்வராயன் மலையிலும் கனமழை. சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழும் கேள்விதான் இது: எவ்வளவு மழை பெய்தால் சரிவு ஆபத்து? இதற்குப் பதில் தேடினால், பள்ளிக்கூடத்தில் நாம் பார்க்காத ஒரு வகைச் சமன்பாட்டில் போய் நிற்போம்.

பெய்த மழை முழுக்க மண்ணுக்குள் போகுமா?

போகாது. ஒரு பகுதி உள்ளே இறங்கும், மீதி சரிவில் ஓடிவிடும். ஓடும் நீர் மண்ணை அரிக்கும். இறங்கும் நீர் வேறு வேலை செய்யும். சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் எனும் கடினப் பாறை. மேலே மண். உள்ளே போன நீர் பாறையைத் தாண்ட வழியில்லாமல் தேங்கினால், மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் கூடும், பிடிமானம் குறையும். அதனால் 'எவ்வளவு பெய்தது' என்பதோடு 'எவ்வளவு இறங்கியது' என்பதும் தெரிய வேண்டும்.

கணக்கு என்ன?

1911-ல் ஆஸ்திரேலியாவில் கிரீன், ஆம்ப்ட் என்ற இருவர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். நீரியல் மென்பொருள்களில் இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கு மூன்று விவரம் போதும்: மண் எவ்வளவு வேகமாக நீரைக் கடத்தும், காய்ந்த மண் நீரை எவ்வளவு உறிஞ்சி இழுக்கும், எவ்வளவு நேரம் மழை.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேலே நீர் தேங்கும் அளவுக்கு 3 மணி நேரம் கனமழை. மண் மணிக்கு 10 மி.மீ. கடத்துகிறது. உறிஞ்சும் தன்மைக்கான எண் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது:

இறங்கிய நீர் = 30 + 40 × மடக்கை (1 + இறங்கிய நீர் ÷ 40)

இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. சிக்கல் எங்கே என்று பாருங்க. நமக்குத் தெரிய வேண்டிய எண் இடது பக்கமும் இருக்கு, வலது பக்கம் மடக்கைக்கு உள்ளேயும் இருக்கு. எப்படி நகர்த்தினாலும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. இதைத்தான் 'டிரான்சென்டென்டல்' சமன்பாடு, தமிழில் விஞ்சிய சமன்பாடு என்கிறார்கள். 'லாம்பர்ட் டபிள்யூ' என்ற சார்பை வைத்து விடையை எழுதலாம்தான். ஆனால் அந்தச் சார்பின் மதிப்பையும் கடைசியில் படிப்படியாகத்தான் கணக்கிட வேண்டும்.

அப்போ விடை எப்படி வருது?

ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்து! முதலில் 30 என்று வைத்து வலது பக்கத்தில் போடுங்கள், 52.4 வரும். அதையே மறுபடி போட்டால் 63.5. தொடர்ந்தால் 68.0, 69.7, 70.4, 70.6, 70.7. அதன்பின் எண் அசையவே இல்லை. விடை 70.7 மி.மீ. போனில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரிலேயே செய்து பார்க்கலாம்.

அவசரம் என்றால் நியூட்டன் முறை இருக்கிறது. கோட்டின் சாய்வைப் பார்த்து அடுத்த ஊகத்தை எடுக்கும் முறை இது. அதே 30-ல் தொடங்கினால் 82.2, 71.0, 70.7. ஏழு படிக்குப் பதில் மூன்றே படி. சரிவின் உறுதியைக் கணிக்க 1955-ல் பிஷப் தந்த முறையிலும், கண்டுபிடிக்க வேண்டிய பாதுகாப்பு எண் இரண்டு பக்கமும் வரும். அதற்கும் இதே மாதிரி சுற்றிச் சுற்றித்தான் விடை.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

சூத்திரம் இல்லாததில் இல்லை. மண்ணின் எண்களில்தான் பிரச்சினை. மேலே சொன்ன கணக்கில் மண் மணிக்கு 10-க்குப் பதில் 20 மி.மீ. கடத்தினால், இறங்கிய நீர் 70.7-லிருந்து சுமார் 114 மி.மீ. ஆகிவிடும். கணக்கு முறையால் வரும் பிழை 0.1 மி.மீ. கூட இல்லை, மண்ணைத் தவறாக மதிப்பிட்டால் வரும் பிழை 43 மி.மீ.!

மரநிழலில் காபி வளரும் தோட்டத்து மண்ணும், சாலைக்காக வெட்டப்பட்ட சரிவின் மண்ணும் ஒன்றல்ல. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஒரே பாதையில் இடத்துக்கு இடம் எண் மாறும். முந்தைய நாள் மழையில் நனைந்த மண் உறிஞ்சும் அளவும் மாறிவிடும். எனவே மேலே உள்ள எண்களை ஏற்காட்டின் அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது விளக்கத்துக்கான உதாரணம் மட்டுமே.

பாதையை எப்போது மூடுவது என்ற முடிவு சரியாக அமைய, மலையில் பல இடங்களில் மழைமானியும், வளைவுக்கு வளைவு மண் பரிசோதனையும் தேவை. அந்த எண்கள் கையில் இருந்தால், மீதிக் கணக்கை ஒரு சாதாரண கணினி நொடியில் முடித்துவிடும். அதுவரை கனமழை நாளில் மலையேறும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.