நித்திரையில் நின்று போகும் மூச்சு



அண்மையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த அம்மாவுக்கு இருதயம் பலவீனம். மாதாமாதம் கிளினிக் போகிறவர். "ராவிலை திடுக்கிட்டு எழும்பிக் குந்தியிருக்கிறன் பிள்ளை. செல்லடிச்ச காலத்திலை வந்த பழக்கம், இனி எங்கை போகப் போகுது" என்றார். நானும் அப்படித்தான் எண்ணினேன். பக்கத்தில் படுக்கும் பேத்திதான் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், அம்மம்மா மூச்சு விடாமல் கிடக்கிறவ. பிறகு பெரிசா இழுத்து விடுவா. எனக்குப் பயமாயிருக்கு."

இருதயம் பலவீனமானவர்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. இது இரண்டு வகைப்படும். ஒன்றில், தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை அடைபடும். பலமான குறட்டை வரும். மற்றதில், பாதை திறந்தே இருக்கும். மூளை மூச்செடுக்கும் கட்டளையைச் சற்று நிறுத்திவிடும். மூச்சு படிப்படியாகக் கூடி, குறைந்து, நின்று, மீண்டும் தொடங்கும். டப்ளின் நகர வைத்தியர்கள் செய்ன் 1818 இலும், ஸ்டோக்ஸ் 1854 இலும் இதை விபரித்து எழுதியுள்ளனர்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. எந்த வகையானாலும் முதலில் இருதயத்துக்குரிய குளிசைகளை ஒழுங்காக எடுக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். பாதை அடைபடுபவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெசின் உதவுகின்றது. மற்ற வகைக்கு அவதானம் தேவை. மூச்சுக்கு ஏற்பத் தானாக அழுத்தத்தை மாற்றும் ஒருவகை மெசினை, இருதயத் துடிப்பின் பலம் நன்கு குறைந்த 1,325 பேரில் ஆராய்ந்து 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். மெசின் பாவித்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இருதய, இரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தனர். பாவிக்காதவர்களில் அது 24 பேர். மூச்சுச் சீரானது, உயிர் காக்கப்படவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த அம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து, "மெசின் ஒன்று வாங்கி அனுப்பட்டோ" என்று கேட்டிருந்தார். பாசத்தில் கேட்டதுதான். ஆனால் எந்த வகை என்று பரிசோதித்து வைத்தியர் சொல்லும் முன்னர் எதையும் மாட்டக் கூடாது. அயலவர் தரும் நித்திரைக் குளிசையும் வேண்டாம். சில குளிசைகள் மூச்சை மேலும் மந்தப்படுத்தும்.

அடுத்த கிளினிக்குக்குப் பேத்தியையும் கூட்டிச் சென்றோம். அவள் கண்டதைச் சொன்னாள். வைத்தியர் கால் வீக்கத்தைப் பார்த்து, நீர் போகும் குளிசையை மாற்றி, நித்திரைப் பரிசோதனைக்குக் கடிதமும் தந்தார்.

சகோதரிகளே, எங்கள் நித்திரையைக் குலைத்ததில் யுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு. அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நின்ற மூச்சை நித்திரையில் இருப்பவரால் அறிய முடியாது. துணை இழந்து தனியே படுக்கும் அக்காமாரே, ஓரிரவு மகளையோ அயல்வீட்டுப் பெண்ணையோ பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். அவர் கண்டதை அடுத்த கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.