சிபாரிசும் பரிந்துரையும்

சிபாரிசு என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். வேலைக்கும் இடமாற்றத்துக்கும் பெரிய மனிதர் வாசலில் காத்து நிற்பதையே அச்சொல் நினைவூட்டுகிறது. அதனால்தானோ என்னவோ, முதுகலை முடித்து ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பழைய மாணவியர் பலர், தம் நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூசுகின்றனர். சிம்மக்கல் மைய நூலகத்தில் அமர்ந்து விண்ணப்பம் முழுவதையும் நிரப்பியவர்கள் இந்த ஓர் இடத்தில் தயங்கி நிற்கின்றனர். கடைசி நாளுக்கு முந்தின மாலை பேராசிரியரின் அறைக்குப் போகிறார்கள். அவரும் அவசரத்தில், "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறார்.

இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது நம் கருத்து. தன்னைப் பற்றித் தானே எழுதும் பெண் என்ன எழுதுவாள்? கடின உழைப்பாளி, ஒழுக்கமுள்ளவள் என்பாள். வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் அது பொருந்தும். ஆசிரியர் மட்டுமே கண்டறிந்தது எதுவும் அதில் இராது.

கணித மேதை இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளருக்கு நிகரான புதுமை இவரிடம் உண்டு என்றார். முழுமையும் துல்லியமும் இன்னும் போதவில்லை என்பதையும், அக்கணிதப் பிரிவு தமக்குத் தனித் தேர்ச்சி உள்ளதன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு அளித்தது. குறையையும் சொன்ன கடிதம் அது!

புனித பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் ஒரு சகோதரியை ஏற்றுக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறார். பலருக்கும், தமக்கும்கூட உதவியவர் என்று காரணத்தையும் சொல்கிறார். வெறும் சிபாரிசில் இந்தக் காரணம்தான் இருப்பதில்லை.

ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டின் சுருக்கம், செல்லவிருக்கும் துறை, கடைசித் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். "எனக்காக விரிவாக எழுத இயலுமா, மேடம்?" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? இயலாது என்றால் இன்னொருவரை அணுக நேரம் கிடைக்கும். பெற்றோர் சிலர், மகளை அறியாத பிரமுகரிடம் கடிதம் வாங்கித் தர முனைகின்றனர். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அவளுடைய ஆய்வைப் பற்றி அந்தப் பிரமுகர் என்ன சொல்ல முடியும்?

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, இப்படிக் கேட்கலாம் என்பதையே சொல்லித்தர ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பினர் பள்ளியை விட்டுப் போகுமுன், பழைய மாணவியர் நால்வரை அழைத்து ஒரு பிற்பகல் பேசச் செய்யலாமே என்று நம் சகோதரியரைக் கேட்டுக்கொள்கிறோம்.