மஞ்சள் எச்சரிக்கை

ஜாவாஸ்கிரிப்ட் பயிலும் மாணவர், எக்ஸ்.எம்.எல். கோப்பொன்றைப் படித்து, அதிலுள்ள செய்திகளைப் பிரௌசரில் அட்டவணையாகக் காட்டும் பயிற்சியைத் தொடக்கத்திலேயே செய்வதுண்டு. அட்டவணை திரையில் தோன்றியவுடன் அவர் மனம் நிறைகின்றது. அவ்வமயம் கன்ஸோலைத் திறந்து நோக்குவாராயின், ஆங்கு மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கையைக் காண்பார். பக்கத்தின் முதன்மை இழையிலே காத்திருந்து தரவு பெறும் முறை, பயன்படுத்துவோர்க்கு இடர் விளைப்பதாதலின், வழக்கினின்று நீக்கப்பட்டு வருகின்றது என்பதே அதன் பொருள். "நிரல்தான் ஓடுகின்றதே, இதனைப் பொருட்படுத்துவானேன்?" என்பார் பலர். யாம் அதற்கு உடன்படோம்.

குற்றம் ஒரு சிறு சொல்லிலே உள்ளது. ஓபன் என்னும் கட்டளையின் மூன்றாம் இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதினால், கோப்பு வந்து சேருமளவும் பிரௌசர் அப்பக்கத்தின் வேறெப்பணியையும் செய்யாது. கடைக்கு ஆளனுப்பிய சமையற்காரர், அவன் திரும்பும்வரை அடுப்பும் மூட்டாது கைகட்டி நிற்பதை ஒக்கும் இது. எழுதியவர் கணினியிலேயே கோப்பு இருப்பதால் அத்தாமதம் அவருக்குப் புலப்படுவதில்லை. நலிந்த இணைப்புடைய சிற்றூரில் அதே பக்கத்தைத் திறப்பவர்க்கோ, பொத்தானை அழுத்தினும் அசைவில்லை. தட்டிய எழுத்தும் தோன்றுவதில்லை. தீங்கு செய்தவர் ஒருவர், துய்ப்பவர் மற்றொருவர். எமக்கு வருத்தந் தருவது இதுவே.

எக்ஸ்.எம்.எல். 1.0 வெளிவந்தது 1998-ஆம் ஆண்டில். கோரிக்கை அனுப்பும் இக்கருவி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வந்தது. அக்காலத்து எடுத்துக்காட்டுகளைப் பார்த்தெழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் 30 இம்முறையை விலக்கத்தக்கதென்று அறிவித்தது. 2020-இல் குரோம் 80, பக்கம் மூடப்படும் வேளையில் இதனை அடியோடு மறுத்தது.

நிற்க. எச்சரிக்கையைக் கண்டு அஞ்சிய மாணவர் செய்யும் பிழை இன்னொன்று. ஃபால்ஸை ட்ரூ என்று மாற்றிவிடுகிறார். மஞ்சள் மறைகின்றது, சிவப்பு வருகின்றது. கோரிக்கை அனுப்பிய மறுவரியிலேயே ரெஸ்பான்ஸ் எக்ஸ்.எம்.எல்-ஐத் தேடினால் ஆங்கு நல் அன்றி வேறொன்றுமிராது; கோப்பு இன்னும் வழியிலன்றோ இருக்கிறது! உடனே பழைய சொல்லையே மீட்டும் எழுதி, எச்சரிக்கையின்மீது பழி சுமத்துகிறார். மாறவேண்டியது சொல்லன்று, வேலையின் வரிசை. கோப்பைப் படிக்கும் பகுதியை ஆன்லோட் என்னும் செயற்கூற்றுக்குள் வைத்தல் வேண்டும். ஃபெட்ச் கொண்டு உரையைப் பெற்று, டாம்பார்ஸரால் மரமாக்குதலும் நன்று. இதுவே எமக்கு உவப்பு. ஆயின் பிழையுள்ள எக்ஸ்.எம்.எல். வந்தால் டாம்பார்ஸர் நிரலை நிறுத்தாது, பார்ஸர்எரர் என்னும் உறுப்பைத் தந்து அமையும். அதனைத் தேடிப் பார்த்தல் எழுதுவோர் கடன்.

தம் நிரலில் ஃபால்ஸ் என்பதே இல்லையென்று சாதிப்போர், எச்சரிக்கையின் அருகே குறித்துள்ள கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் நோக்குக. இரவல் வாங்கிய நூலகத்தினுள்ளே அது ஒளிந்திருத்தல் கூடும். வொர்க்கரில் இயங்கும் நிரலுக்கு இத்தடை இல்லை. கன்ஸோலில் எச்சரிக்கைகளை வடிகட்டி மறைப்பாரும் உளர், அவரோடு வாதிடோம்.

ஆசிரியர்மாட்டு எமக்கொரு விண்ணப்பம் உண்டு. அட்டவணை தோன்றிய அளவில் மதிப்பெண் இடாது, பிரௌசரிலேயே உள்ள வேகங்குறைக்கும் வசதியை இயக்கி, மாணவரையே தம் பக்கத்தின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செய்க.