பிளஸ் ஒன் கணக்கும் முதல் செமஸ்டர் அரியரும்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் என் மேசை முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

சோமனூரில் தறி ஓட்டும் வீட்டுப் பையன், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் என்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆக வந்தவர்கள் இவர்களில் பலர். பிளஸ் டூ கணிதத்தில் தொண்ணூறைத் தாண்டியவர்களும் உண்டு. அவர்கள் கிரேடு ஷீட்டில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்துக்கு நேரே, தேறவில்லை என்பதற்கான 'யு' விழுந்திருக்கும். "மேத்ஸ்ல அரியருங்க சார்" என்று சொல்லும்போதே குரல் கம்மிவிடும். பள்ளியில் ஒரு பரீட்சையில்கூடத் தோற்காத பிள்ளைகள் அவர்கள்.

வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில் ஒரு சின்னக் கணக்குக் கொடுப்பது என் வழக்கம். எக்ஸையும் சைன் எக்ஸையும் பெருக்கி எழுதி, வகையிடச் சொல்வேன். பலர் 'காஸ் எக்ஸ்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். இரண்டையும் தனித்தனியாக வகையிட்டு, வந்ததைப் பெருக்கியிருப்பார்கள். பெருக்கல் விதி பிளஸ் ஒன் பாடம். அணிகள், அணிக்கோவைகள், எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை முழுவதும் நம் பாடநூலில் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. முதல் செமஸ்டர் கணிதம் நேராக அதன்மேல்தான் ஏறி நிற்கிறது.

அந்த ஒரு வருடம் எங்கே போனது என்பதைக் கொங்கு நாட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட காலம் நமக்குத் தெரியும். பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் திரும்பத் திரும்ப எழுத வைக்கும் முறை மாநிலம் முழுக்கப் பல தனியார் பள்ளிகளில் பரவியது. இதைத் தடுக்கத்தான், கோபிச்செட்டிபாளையத்துக்காரர் கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மறுவருடமே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கும் அதுதான் கணக்கு. மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை என்றான பிறகும், பொதுத்தேர்வு என்ற பயம் ஒன்றாவது பாடத்தை நடத்த வைத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதையும் எடுத்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு பிளஸ் ஒன் படித்த முதல் அணி 2027-இல் கல்லூரிக்குள் வரும். அவர்களுக்காக நாம் என்ன தயார் செய்திருக்கிறோம்?

இடைவெளி பாடத்தில் மட்டும் இருந்தால் ஒரு மாதத்தில் நிரப்பிவிடலாம். படிக்கும் பழக்கம்தான் பெரிய சிக்கல். பள்ளியில் தினமும் டெஸ்ட், காலை மாலை ஸ்டடி என்று யாரோ ஒருவர் பக்கத்திலேயே நின்றார். கல்லூரியில் அந்த ஆள் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து காலேஜ் பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளை, நோட்டைத் திறந்து நாலு தடவை வாசித்துவிட்டுப் படித்துவிட்டதாக நம்புகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதி எழுதித் தன்னைச் சோதித்தவர்களுக்கு 61 சதவீதம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை.

இந்தப் படிக்கும் பழக்கத்தை இன்டர்னல் தேர்வு சரிசெய்யலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. ஆனால் அந்த நாற்பது மதிப்பெண் பிள்ளைக்கு ஓர் எண்ணாகத்தான் போய்ச் சேருகிறது. எந்த வரியில் தவறினோம் என்று பார்க்கும் முன்னால் அடுத்த யூனிட் ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் அறுபது விடைத்தாளையும் திருத்தி, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இப்படி விழும் அரியர் வேலைவாய்ப்பையும் பாதிக்கிறது: வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. மறுபுறம், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதை 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். இவ்வளவு செய்து கொண்டுவந்து சேர்த்த பிள்ளையை முதல் ஐந்து மாதத்தில் கைவிடலாமா?

நான் கேட்பது இரண்டு. முதலாம் ஆண்டு அறிமுகப் பயிற்சி நாட்களை உரைகளிலும் விழாக்களிலும் கரைக்காமல், பாதியையாவது பிளஸ் ஒன் கணிதத்துக்கும் படிக்கும் முறைக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்; தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழிலேயே நடத்தலாம். முதல் இன்டர்னல் விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருத்திக் கையில் கொடுத்து, தவறிய கணக்கை அதே பிள்ளை மறுபடி போட்டுக் காட்டும் வகுப்பு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அதற்கான நேரத்தை ஆசிரியரின் வேலைப்பளுவில் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். 2027 சேர்க்கைக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டால், பாடக்குறிப்பும் பயிற்சித் தாளும் எழுதித்தர முதலாம் ஆண்டு கணித ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு கணித ஆசிரியர் ஒருவர்,
கோவை