நுரைக்கு ஆரஞ்சு பாக்கெட் எதுக்கு?

1/ சாலவாக்கம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு அம்மா. சுகருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்க வருவாங்க. இந்தத் தடவை எடை ரெண்டு கிலோ கூடியிருந்தது. "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்ல சார். பையன் நுரை அடிக்கிற மிஷினு வாங்கியாந்தான். அதுக்கு ஆரஞ்சு பாக்கெட்டுதான் ஊத்தணுமாம். செல்லுல பாத்தானாம். தெனம் ரெண்டு வேளை போட்டுக் குடுக்கறான்."

2/ ரெண்டு கிலோவுக்கும் பால்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னும் கேட்டேன், அது தனிக்கதை. ஆனா அந்த "ஆரஞ்சுதான்"ல இருக்கிற "தான்" இருக்கே, அது சுத்தப் பொய். அந்தப் பொய்க்கு நிறைய வீடுகள் தினமும் காசு கட்டுது. அதனாலதான் இந்தத் திரெட்.

3/ முதல்ல பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. கலரை விடுங்க, பிராண்டுக்கு பிராண்டு மாறும். எழுத்தைப் படிங்க. ரெண்டு எண் இருக்கும்: கொழுப்பு, எஸ்.என்.எஃப்.

டபுள் டோன்டு: 1.5 / 9
டோன்டு (ஆவின் நீலம்): 3 / 8.5
ஸ்டாண்டர்டைஸ்டு (ஆவின் பச்சை): 4.5 / 8.5
ஃபுல் கிரீம் (ஆவின் ஆரஞ்சு): 6 / 9

எல்லாம் சதவீதம். குறைஞ்சது இவ்வளவு இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வச்ச அளவு இது.

4/ எஸ்.என்.எஃப்னா கொழுப்பையும் தண்ணியையும் கழிச்சா மிச்சம் இருக்கிறது. புரதம், பால் சர்க்கரை, கால்சியம் மாதிரி தாதுக்கள். நுரைக்கு வேலை செய்யற ஆளு இதுக்குள்ளதான் இருக்கார். அவர் பேரு புரதம்.

5/ நுரைன்னா என்ன? பாலுக்குள்ள மாட்டின காத்து. அந்தக் காத்துக் குமிழைச் சுத்தி புரதம் ஒரு மெல்லிசு சவ்வு கட்டுது. சவ்வு உறுதியா இருந்தா நுரை நிக்கும். கொழுப்பு என்ன பண்ணும்? அந்தச் சவ்வுல போய் ஒட்டி அதைப் பலவீனமாக்கும். குமிழ் உடையும்.

அதாவது நீங்க எதுக்காக அதிகக் காசு குடுக்கறீங்களோ, அதுதான் உங்க நுரையோட எதிரி.

6/ "ஆரஞ்சுல எஸ்.என்.எஃப் அரை சதவீதம் அதிகம் இருக்கே டாக்டர்?" நல்ல கேள்வி. அதே 9 டபுள் டோன்டுலயும் இருக்கு, கால் பங்கு கொழுப்போட. நுரை மட்டும்தான் வேணும்னா நாலுல அதுதான் ஜெயிக்கும். ருசி தண்ணியா இருக்கும்கறதால நான் அதைச் சிபாரிசு பண்ணல. நீலம் போதும்.

7/ அப்போ ரீல்ஸ்ல ஏன் கொழுப்புப் பால் ஊத்தச் சொல்றாங்க? இங்கதான் கோளாறு. வெளிநாட்டு காபி மாஸ்டர் "ஹோல் மில்க்"னு சொல்றார். அமெரிக்காவுல ஹோல் மில்க்னா குறைஞ்சது 3.25% கொழுப்பு. இத்தாலியில கேப்புச்சினோவுக்கு ஊத்தற முழுப்பால் கிட்டத்தட்ட மூணரை.

நம்ம நீல பாக்கெட் எவ்வளவு? 3.

அவர் சொல்ற பால் நம்ம நீலத்துக்குப் பக்கத்து வீடு. அதை "ஃபுல் கிரீம்"னு மொழிபெயர்த்துக்கிட்டு, ஏறக்குறைய ரெண்டு மடங்கு கொழுப்பை நாம ஊத்திக்கிட்டு இருக்கோம்.

8/ இந்த ரெண்டு எண்ணும் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்தற அக்காவைக் கேளுங்க. "ஃபேட்டு இவ்ளோ, எஸ்.என்.எஃப் இவ்ளோ"ன்னு சீட்டைக் காட்டுவாங்க. ரெண்டையும் பாத்துதான் அவங்களுக்குப் பணம். பால் விக்கறவங்க ரெண்டு எண்ணும் பாக்கறாங்க. வாங்கற நாம கலரைப் பாக்கறோம்.

9/ 2023 நவம்பர் ஞாபகம் இருக்கா? ஆவின் பச்சையை நிறுத்திட்டு, அதே விலைக்கு 3.5% கொழுப்புள்ள ஊதா டிலைட் குடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்ததும் ஊரே கொதிச்சது. அந்தக் கோபம் நியாயம். ஒரு சதவீதம் கொழுப்பை எடுத்துட்டு அதே விலை வாங்கினா யாருக்கும் எரியும்.

ஆனா அத்தனை சண்டையிலயும் "புரதம் குறையுதா?"ன்னு யாராவது கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. நமக்குப் பால்னா கொழுப்பு. அவ்வளவுதான்.

10/ இப்போ கணக்கு. 2022 நவம்பர்ல ஆரஞ்சு லிட்டர் 48 ரூபாயில இருந்து 60 ஆச்சு, அட்டை இல்லாதவங்களுக்கு. அப்போ நீலம் லிட்டர் 40. தினம் அரை லிட்டர்னா பத்து ரூபா வித்தியாசம். மாசம் 300.

அரை லிட்டர் ஆரஞ்சுல 30 கிராம் கொழுப்பு. நீலத்துல 15. தினம் 15 கிராம் அதிகமா வீட்டுக்குள்ள வருது, மூணு டீஸ்பூன் நெய்க்கு மேல. நுரைக்காக. அதுவும் நுரையைக் குறைக்கிற கொழுப்பு!

11/ பால் கொழுப்பு விஷம்னு நான் சொல்லல. அளவா சாப்பிடுங்க. உழைக்கிற உடம்புக்கு, மெலிஞ்சவங்களுக்கு அது நல்லதுகூட. என் சண்டை, தேவையில்லாத இடத்துல, தேவையில்லாத ஆளுக்கு, பொய்யான காரணம் சொல்லி அதை விக்கறதோட.

12/ "டோன்டுன்னா தண்ணி கலந்த பால்தானே?" ஆமா, எருமைப் பால்ல தண்ணியும் கொழுப்பு நீக்கின பால் பவுடரும் சேர்த்துதான் அது ஆரம்பிச்சது. 1946ல மும்பை ஆரே பால் காலனியில தாரா குரோடி கொண்டு வந்தார். பற்றாக்குறைக் காலத்துல ஒரே அளவு பாலை அதிகப் பேருக்குக் குறைஞ்ச விலையில குடுக்கணும்கறது நோக்கம். பால்காரர் குழாயடியில ஊத்தற தண்ணியும் இதுவும் ஒண்ணு இல்ல. இங்க எஸ்.என்.எஃப் 8.5க்குக் கீழ போகக் கூடாது.

13/ அடுத்த கோஷ்டி: "பாக்கெட்டே வேணாம், கறந்த பாலைச் சூடு காட்டாம நுரை பொங்கக் குடிக்கணும்." தயவுசெஞ்சு வேணாம். காய்ச்சாத பால்ல புருசெல்லா வரலாம். வாரக்கணக்குல காய்ச்சல், மூட்டு வலி, என்னன்னே தெரியாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையணும். பக்கத்து வீட்டு மாட்டுப் பால் அருமைதான். பொங்கக் காய்ச்சிட்டுக் குடிங்க.

14/ இன்னொரு வாட்ஸ்அப் பீதி: "நுரை வந்தா சோப்புத்தூள்." தப்பு. பாலை ஆத்தினா நுரை வரத்தான் செய்யும், அது புரதத்தோட வேலை. வீட்டுல சோதிக்கணும்னா பாலும் தண்ணியும் சம அளவு எடுத்து நல்லா குலுக்குங்க. சோப்பு கலந்ததுன்னா கெட்டியா நுரை கட்டும். நல்ல பால்ல மெல்லிசா ஒரு படலம்தான் நிக்கும். காபி டம்ளரை வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க.

15/ நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். ஆரஞ்சுல நுரை வராதுன்னு இல்ல. வரும், மெத்துன்னு இருக்கும், ருசி கூடும். உயரம் கம்மி. ருசி முக்கியம்னா பச்சை வாங்குங்க, இல்ல நீலத்தோட பச்சையைப் பாதிக்குப் பாதி கலங்க. "ருசிக்காக வாங்கறேன்"னு சொன்னா எனக்குச் சண்டையே இல்ல.

16/ சரி, நீலத்துல நுரை வர:

• அன்னைக்கு வந்த பாக்கெட். பழைய பால்ல கொழுப்பு சிதைஞ்சு நுரையைக் கெடுக்கும்.
• கடையில ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்ததை வாங்குங்க, வெளிய டப்புல கிடந்ததை வேணாம்.
• ஒரு கொதி போதும். ஏற்கனவே பாஸ்டரைஸ் பண்ணினதுதான். கால் மணி நேரம் சிம்ல வைக்காதீங்க.
• கிளறிக்கிட்டே காய்ச்சுங்க. ஆடை கட்டினா எடுத்துடுங்க.
• மிஷின்ல அடிக்கறதுன்னா பால் நல்ல சூடா இருக்கணும், கொதிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. வெதுவெதுப்புல அடிச்சா நுரை நிக்காது.
• இன்னும் வேணுமா? டம்ளருக்கு அரை ஸ்பூன் கொழுப்பு நீக்கின பால் பவுடர்.

17/ மிஷினே இல்லைன்னா? டபரா, டம்ளர். ஒரு முழம் உயரத்துல இருந்து மூணு ஆத்து. டீக்கடை அண்ணன் கையில எந்த பேட்டரி இருக்கு?

18/ முக்கியம்: இது பெரியவங்க காபிக்கு மட்டும். ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் கொழுப்பு தேவை. என் திரெட்டைப் படிச்சுட்டு அதுங்க பாலை டோன்டுக்கு மாத்தாதீங்க. ஒரு வயசு வரைக்கும் தாய்ப்பாலுக்குப் பதிலா பாக்கெட் பாலே வேணாம். எடை குறைஞ்ச பிள்ளை, காசநோய்க்கு மருந்து எடுக்கறவங்க, இவங்களும் டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

19/ ஆரஞ்சு பாக்கெட் பாயசத்துக்கு அருமை, தயிருக்கு அருமை. நுரைக்குன்னு மட்டும் வாங்காதீங்க.

அந்த அம்மாகிட்ட அடுத்த மாசம் பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். அம்மாவுக்குக் காபி போட்டுக் குடுக்கற பிள்ளை, நல்ல பிள்ளைதான். பாலை மட்டும் மாத்தச் சொல்லணும். சர்க்கரையைப் பத்தியும் பேசணும்.